மூணாம் நம்பர் ஹேமர்

ஐயோ அக்கா, மெதுவாச் சிரிங்க, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். ஆமா, நான்தான். "போலாம் ரைட்டே"ன்னு குரல் கொடுத்தது நான்தான். அவர் கீழே நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தது டிரைவருக்கு எப்படித் தெரியும்? குரல் கேட்டது, வண்டியை எடுத்துட்டார். கையில் கிளாஸோட பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடி வந்தார் பாருங்க! எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. நல்ல குரல். மூக்கில் பாதி, தொண்டையில் பாதி. கேட்டதும் அதே மாதிரி எடுத்துப் பேசிப் பார்க்கணும்னு தோணுச்சு, எடுத்தேன்.

பேர் மௌனிகா. சிரிங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான். ஆனா நீங்க சிரிச்சதாலதான் உங்ககிட்டச் சொல்றேன். ஒரு வாரமா என்னைப் பார்த்து யாரும் சிரிக்கலைக்கா. எனக்கு அது ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இந்தக் கவர் எங்க பிரின்சிபாலுக்கு. உடுமலையில் தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமா படிக்கிறேன். ஒரு மாசம் வெளியே போய்ப் பயிற்சி எடுக்கணும். பயிற்சி கொடுத்தவர் எழுதின கடுதாசி இது. ஒட்டியிருக்கு. நான் பிரிக்கலை. ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் வெச்சுப் பார்த்தேன், ஒண்ணும் தெரியலை. என்ன எழுதியிருப்பார்னு நீங்களே கதையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. தப்பு யார் மேலன்னும் சொல்லுங்க.

என்னைப் போட்டது காது பார்க்கிற வண்டியில். கேள்விப்பட்டிருக்கீங்களா? வேனுக்குள்ளே ஒரு சின்ன அறை இருக்கும், பஞ்சு வெச்ச சுவர், ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். தொழிலாளி உள்ளே உக்காந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கணும். வெளியே மெஷின்கிட்ட ஜெபராஜ் சார். அவர் பீப் விடுவார், கேட்டா உள்ளே இருக்கிறவர் பட்டனை அமுக்கணும். எத்தனை சன்னமான பீப் வரைக்கும் கேக்குதுன்னு கோடு போட்டுக்கிட்டே வருவார். முடிஞ்சதும் தெரிஞ்சிடும், காது இருக்கா, போயிட்டிருக்கா, போயிடுச்சான்னு.

ஜெபராஜ் சார் நாசரேத்துக்காரர். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே பாட்டு. "கேட்டா அமுக்குங்க, கேக்கலன்னா சும்மா இருங்க, சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க, நான் பாத்துக்கிடுதேன், என்ன?" எப்படி? அப்படியே இருக்கா? அவரை நான் ரெண்டாம் நாளே எடுத்துட்டேன்.

நாங்க போனது கோயம்புத்தூருக்குத் தெக்கே ஒரு ஃபோர்ஜிங் ஷாப். பேர் வேண்டாம். பழுக்கக் காய்ச்சின இரும்பை அச்சுக்கு நடுவில் வெச்சு மேலேயிருந்து ஹேமரால் அடிச்சு லாரிக்குச் சாமான் செய்யறாங்க. நாலு ஹேமர். ஒவ்வொண்ணும் வீட்டு உசரம். கால் பெடலை மிதிச்சா இறங்கும். முதல் நாள் உள்ளே நுழைஞ்சதும் எனக்கு வயித்துக்குள்ளேதான் கேட்டது, காதில் கேக்கலை.

அந்த ஷெட்டுக்குள்ளே பேச்சு கிடையாதுக்கா. விரல்தான், உதடுதான். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் குரல் உண்டு. "ஓய்!" அவ்வளவுதான். ஒரு ஹேமருக்கு ரெண்டு பேர். ஒருத்தர் பெடல் மிதிப்பார், இன்னொருத்தர் நீளக் குறட்டில் இரும்பைப் பிடிச்சுத் திருப்புவார். சில சமயம் இரும்பு அச்சிலேயே ஒட்டிக்கும். அப்போ குறடு பிடிக்கிறவர் குனிஞ்சு, கம்பியை உள்ளே விட்டு நெம்பணும். நெம்பறதுக்கு முன்னாடி "ஓய்!" பெடல்காரர் காலை எடுத்துடணும். அது பக்கத்து ஆளுக்கு மட்டும் போடற சத்தம். அடிவயித்திலிருந்து கத்தினா, யார் கத்தினாலும், யாருக்காகக் கத்தினாலும் நாலு ஹேமரும் நிக்கணும். எதுக்குன்னு அப்புறம்தான் கேக்கணும். விளையாட்டுக்குக் கத்தினவனை மறுநாள் கேட்டுக்குள்ளே விடமாட்டாங்களாம். ஃபோர்மேன் நாச்சிமுத்து முதல் நாளே என்கிட்டச் சொன்னார், சளி பிடிச்ச நாய் மாதிரி ஒரு குரல் அவருக்கு: "அம்மிணி, மத்ததெல்லாம் எப்புடியோ போகட்டும். அந்த ஒரு வார்த்தைய மட்டும் தொடப்படாது."

மூணாம் நம்பர் ஹேமர்ல பெடல் மிதிக்கிறவர் ஆறுக்குட்டி அண்ணன். நாற்பத்தேழு வயசு, இருபத்திரண்டு வருஷமா அதே ஹேமர். குறடு பிடிக்கிறது சபரி. அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டே மாசம். ஹேமர்கிட்ட மோதிரம் போடக் கூடாதுன்னு கல்யாண மோதிரத்தைக் கறுப்புக் கயித்தில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பான். ஆறுக்குட்டி அண்ணனை மாமான்னு கூப்பிடுவான், சொந்தம் ஒண்ணும் இல்லை.

ஆறுக்குட்டி அண்ணன் மாதிரி ஒரு ரசிகர் எனக்குக் கிடைச்சதே இல்லைக்கா. டீ நேரத்தில் நான் வாயைத் திறந்தாப் போதும், முதல் ஆளா வந்து எதிரில் உக்காந்துடுவார். முதல் சிரிப்பு அவரோடது. நாச்சிமுத்துவை எடுப்பேன், கேன்டீன்காரம்மாவை எடுப்பேன். கண்ணை எடுக்காமப் பார்ப்பார். "இன்னொருக்கா பண்ணு அம்மிணி" என்பார். நீங்களே சொல்லுங்க, அப்படி ஒருத்தர் கேட்டாப் பண்ணாம இருக்க முடியுமா?

அப்படித்தான் ஜெபராஜ் சாரையும் பண்ணினேன். குரல் மட்டும் இல்லை. சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பீப் விடறப்பவும் தாடையை உள்ளே இழுத்து, மாத்திரை முழுங்கற மாதிரி ஒரு முழுங்கு முழுங்குவார். அவருக்கே தெரியாது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "கேட்டா அமுக்குங்க, என்ன?"ன்னு ஆரம்பிச்சு, பீப், ஒரு முழுங்கு, பீப், ஒரு முழுங்குன்னு காட்டினேன். ஐம்பது அறுபது பேர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆறுக்குட்டி அண்ணன் மட்டும் அன்னிக்குச் சிரிக்கலை. "மறுபடி பண்ணு"ன்னார். பண்ணினேன். "கழுத்தையா இழுப்பாரு? பீப்புக்கு முந்தியா, பொறகா?" "கூடவேண்ணா." "ஒருக்கா மெல்லப் பண்ணு." ரசனைன்னா அது இல்லையா? நான் மூணு தரம் மெல்லப் பண்ணிக் காட்டினேன்.

மறுநாள் பரிசோதனை ஆரம்பிச்சது. ரெண்டு நாளில் அறுபத்திரண்டு பேர். எல்லாரும் பாஸ்.

சாருக்குத் தலைகால் புரியலை. "ஏ பிள்ளை, போன வருசம் பதினஞ்சு பேருக்குக் காது மோசம். இந்த வருசம் ஒருத்தருக்கும் இல்ல. காதடைப்பான் கொடுத்தோம்லா, அது வேலை செஞ்சிருக்கு!" காது போனது திரும்பி வராதுன்னு எங்க முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கு. எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதா? சந்தோஷத்தில் மறந்துட்டார் போல.

கடைசிக்கு முந்தின ஆள் ஆறுக்குட்டி அண்ணன். வலது காது முடிஞ்சது, நல்ல கோடு. இடது காது ஆரம்பிக்கிறப்போ சாருக்கு போன் வந்தது. "நீ விடு பிள்ளை, நான் வந்துடுதேன்"ன்னுட்டு இறங்கிப் போனார். நான் உக்காந்தேன். பீப் விட்டேன். அமுக்கலை. கொஞ்சம் கூட்டினேன். அமுக்கலை. இன்னும் கூட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என் கழுத்தையே பார்த்துக்கிட்டிருந்தார், பட்டன்மேல் கட்டைவிரலை வெச்சு. எழுபது டெசிபல். எண்பது. தொண்ணூறு. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு உள்ளே போய் ஹெட்போனைக் கழட்டி என் காதில் வெச்சேன். ஐயோ அக்கா, ஊசியை விட்டுக் குத்தின மாதிரி இருந்தது.

சார் திரும்பி வந்தார். உக்காந்தார். பீப், ஒரு முழுங்கு. அண்ணன் அமுக்கினார். பீப், ஒரு முழுங்கு. அமுக்கினார். கோடு அழகா இறங்கிக்கிட்டே போச்சு, பள்ளிக்கூடப் பையன் காது மாதிரி.

நான் பக்கத்தில் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அண்ணன் கண் சார் கழுத்தை விட்டு நகரவே இல்லை.

வேனை விட்டு இறங்கினதும் அண்ணன் என்னை அந்தப் பக்கம் கூப்பிட்டார். குரலே இல்லாம உதட்டால் மட்டும் பேசினார். ஷெட்டுக்காரங்க அப்படித்தான். "சொல்லிப்போடாதே அம்மிணி. போன வருசம் சும்மா எழுதிக்கிட்டதோட சரி. இந்த வருசம் காது போச்சுன்னு எழுதினா என்னைய ஹேமர்லயிருந்து எறக்கிப்போடுவாங்க. பேக்கிங்ல உக்காந்து அட்டப்பொட்டிக்குச் சீட்டு ஒட்டச் சொல்லுவாங்க. இருவத்தி ரெண்டு வருசம். என்ற காலுக்குத்தான் அந்த ஹேமரு படியும்."

"சபரி கத்தினா?"ன்னு கேட்டேன்.

"அவன் தோளு எனக்குத் தெரியும். குனியறதுக்கு முந்தி தோளு எறங்கும். நிறுத்திப்போடுவேன். இதுவரைக்கும் ஒரு நாளும் தப்புனதில்ல."

சார்கிட்டச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நினைக்கிறது மூஞ்சியிலேயே தெரியுது. சொன்னா என்ன கேட்பார்? அறுபத்திரண்டு பேரும் எப்படிப் பாஸ் ஆனாங்கன்னு கேட்பார். முழுங்கினது யார்? அவர். நான் இல்லை. நான் நடிச்சுத்தான் காட்டினேன். ஆனா அதையெல்லாம் யார் கேட்பாங்க?

மறுநாள் எனக்கு ஷெட்டில் சத்தம் அளக்கிற வேலை. கையில் மீட்டர், ஒவ்வொரு ஹேமருக்குப் பின்னாடியும் பத்து நிமிஷம் நிக்கணும். மூணாம் நம்பர்கிட்ட வந்தேன். அன்னிக்கு அச்சில் என்னமோ கோளாறு, இரும்பு அடிக்கடி ஒட்டிக்கிட்டது. நான் மீட்டரைப் பார்க்கலை, சபரி தோளைத்தான் பார்த்தேன். இறங்கும். ஹேமர் நிக்கும். சபரி வாய் "ஓய்"ங்கும், கம்பியை விட்டு நெம்புவான், கையை எடுப்பான். மறுபடி தொம், தொம். இறங்கும். நிக்கும். நல்லாத்தான் பார்க்கிறார்னு தோணுச்சு. மனசு கொஞ்சம் லேசாச்சு.

அப்புறம் ஒரு தடவை தோள் இறங்கலை. உலைச் சூடு தாங்காம சபரி லேசா உடம்பைத் திருப்பியிருந்தான். அந்தப் பக்கத்துக் கை மட்டும் கம்பியோட உள்ளே போச்சு. வாய் திறந்தது. அண்ணன் கால் பெடல்மேல் இருந்தது. கால் அழுந்தறதுக்குள்ளே கையை இழுத்துட்டான். ஹேமர் வெறும் கம்பிமேல் இறங்கிச்சு. கம்பி ரெண்டா மடங்கிப் பறந்து போய் மணலில் விழுந்தது. சபரி சிரிச்சான். அண்ணனுக்குக் கேக்கலைன்னு அவன் நினைக்கலை, தான்தான் அவசரப்பட்டோம்னு நினைச்சு, மன்னிச்சுக்கோ மாமான்னு கையைக் காட்டினான். அண்ணனும் பரவால்லன்னு தலையாட்டினார். புதுக் கம்பியை எடுத்துக்கிட்டான்.

என்னால சும்மா நிக்க முடியலைக்கா. அடுத்த இரும்பும் ஒட்டும், அதுக்கடுத்ததும் ஒட்டும். நான் என்ன பண்ணணும்? அண்ணனுக்கு நிஜமாவே கேக்கலையா, கொஞ்சமாவது கேக்குதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவருக்கு நேர் பின்னாடி, ரெண்டடி தூரத்தில் நின்னேன். சபரி குரலை எடுத்தேன். அது விளையாட்டு இல்லைக்கா, பரிசோதனை. அந்த மெஷினைவிட நல்ல பரிசோதனை. அவருக்கு மட்டும் கேக்கட்டும்னுதான் கத்தினேன், ஆனா அடிவயித்திலிருந்து வந்துடுச்சு.

"ஓய்!"

ஒண்ணாம் நம்பர் நின்னுச்சு.

ரெண்டாம் நம்பர் நின்னுச்சு. நாலாம் நம்பர் நின்னுச்சு. ஷெட்டு மொத்தமும் அமைதி. அந்த ஷெட்டு அப்படி அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்த அமைதிக்குள்ளே மூணாம் நம்பர் மட்டும்.

தொம்.

தொம்.

தொம்.

சபரி குறட்டைப் பிடிச்சபடியே அப்படியே நின்னான். அவன் குரல், ஆனா அவன் கத்தலை. திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் மாமாவைப் பார்த்தான். மாமா இரும்பைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். தொம். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்க்கிறாங்க, அவர் மிதிச்சுக்கிட்டே இருக்கார். சபரி மெதுவா குறட்டைக் கீழே வெச்சான். குறடு வெளியே வந்துட்டதைப் பார்த்துத்தான் அண்ணன் காலை எடுத்தார். நிமிர்ந்தார். சுத்திப் பார்த்தார். ஒவ்வொரு மூஞ்சியா.

"மாமா"ன்னான் சபரி. நேரா முன்னாடி போய் நின்னு சொன்னான், அப்போதான் அவருக்குப் புரியும்னு அவனுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிருச்சு. "எத்தன மாசமா மாமா?"

அண்ணன் குனிஞ்சு பெடலைப் பார்த்தார்.

"நான் கத்துனது ஒண்ணுகூடக் கேக்கலியா?"

"உன்ற தோளப் பாத்தேன் மாப்ள."

"இப்ப கம்பி பறந்துச்சே, அப்ப?"

அண்ணன் மணலில் கிடந்த கம்பியைப் பார்த்தார். அதை எடுத்து நேராக்கற மாதிரி ரெண்டு கையாலும் பிடிச்சார். வளையலை. சபரி கழுத்துக் கயித்தை ஒரு கையால் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உலைப் பக்கம் போய் உக்காந்துட்டான்.

அதுக்குள்ளே நாச்சிமுத்து ஓடி வந்தார். "எவன்டா கத்துனது?" சபரி என்னைக் காட்டலை. யாரும் காட்டலை. நானே கையைத் தூக்கினேன். நானேதான் தூக்கினேன், அதை ஜெபராஜ் சார் கடுதாசியில் எழுதியிருப்பாரான்னு பார்க்கணும்.

ஜெபராஜ் சார் முன்னாடி எல்லாத்தையும் சொன்னேன். டீ நேரம், ஸ்டூல், முழுங்கு எல்லாம். அவர் கை தன்னால கழுத்துக்குப் போச்சு.

"ஏ பிள்ளை, நீ என்ன செஞ்சிருக்கன்னு உனக்குத் தெரியுதா?"

"ஒருத்தர் கையைக் காப்பாத்தினேன் சார்."

"நான் அதைக் கேக்கல"ன்னார்.

வேற எதைக் கேட்டார்னு எனக்கு இன்னும் தெரியலைக்கா. நிஜமாச் சொல்றேன்.

அப்புறம் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு அறுபத்திரண்டு பேருக்கும் மறுபடி காது பார்த்தார். பத்தொன்பது பேர் ஃபெயில். அதில் ஹேமர்ல இருந்தவங்க எல்லாரையும் ஹேமரை விட்டு இறக்கினாங்க. மூணாம் நம்பருக்கு வேற ஆள். அவர் கால் இன்னும் படியலை, சாமான் கோணலா வருதுன்னு நாச்சிமுத்து புலம்பறார். சபரி மறுபடி குறடு பிடிக்கிறான், ஆனா ஒவ்வொரு தடவையும் ரெண்டு தரம் கத்தறான், பதிலுக்குப் பெடல்காரர் கையைத் தூக்கினாத்தான் குனியறான்.

டீ நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உக்காரலை. நான் கேன்டீன்காரம்மாவை எடுத்தேன், அருமையா வந்தது. எல்லாரும் டீ கிளாஸைப் பார்த்தாங்க. ஒருத்தர் எழுந்து போயே போயிட்டார். பத்து விரலும் கையுமா ஒருத்தன் வீட்டுக்குப் போறான்னா அது யாரால? பரிசு கொடுக்க வேண்டாம், சிரிக்கக்கூடவா கூடாது?

நேத்துக் கடைசி நாள். ஆறுக்குட்டி அண்ணனைப் பார்த்துட்டுப் போகணும்னு பேக்கிங் பக்கம் போனேன். அட்டைப்பெட்டி அடுக்குக்கு நடுவில் உக்காந்து சீட்டு ஒட்டிக்கிட்டிருந்தார். பெரிய கை, சின்னச் சீட்டு, கோணலா ஒட்டுது, பிரிச்சுத் திரும்ப ஒட்டறார். நான் நேர் எதிரில் போய் நின்னேன்.

"என்மேல கோபமாண்ணா?"

"இல்ல அம்மிணி. மொதல் ரெண்டு நாளு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பையன் பொண்டாட்டி இங்க வந்து அழுதுட்டுப் போச்சு. அதோட போயிருச்சு." ஒரு சீட்டை ஒட்டினார். "உன்றகிட்ட ஒரு விசயம் சொல்லோணும். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க."

"நீ அவரப் பண்ணுன, இவரப் பண்ணுன, எல்லாம் பண்ணுன. எனக்கு ஒண்ணுங் கேக்கல. பொம்பளப்புள்ளைக கொரலு எனக்குப் போயி ஆறேழு வருசமாச்சு. உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சேன். மூஞ்சியே நல்லா இருந்துச்சு."

அக்கா, அந்தக் கடுதாசியில் என்ன எழுதியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஆனா இது? ஒரு மாசம் அந்த மனுஷனுக்காகத்தான் ஒவ்வொரு குரலா இழைச்சு இழைச்சு எடுத்தேன்.

நான் கிளம்பறேன்னு திரும்பினேன். அவர் அட்டைப்பெட்டியைத் தட்டிக் கூப்பிட்டார்.

"அந்தச் சத்தம் போட்டியே. அப்படியே சபரி கொரலாமா, ஷெட்டே நின்னுபோச்சாமா. எல்லாருஞ் சொல்றாங்க. நான் ஒருத்தன்தான் கேக்கல." சீட்டைக் கீழே வெச்சுட்டு எனக்கு நேரா நிமிர்ந்து உக்காந்தார். "ஒருக்கா பண்ணிக் காட்டு."

அங்கே ஹேமர் இல்லை, யாரும் பயப்பட வேண்டியதில்லை. நானும் சரின்னு மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன். வரலைக்கா. எந்தக் குரலும் வரலை. வாயைத் திறந்தது திறந்தபடி நின்னேன், அவர் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவாத் தலையாட்டினார்.

"ஏ அப்பா"ன்னார். "இத்தன சத்தமாவா போட்ட?"

நான் கத்தவே இல்லைக்கா.